நிமிஷத்துக்கு நாற்பது

அரிசி வாங்கும்போது எந்தப் படி என்று கேட்காமல் நான் வாங்கியதில்லை. பட்டணத்துப் படி பெரியது, வெளியூர்ப் படி சிறியது. இரண்டுக்கும் பேர் படிதான். கேட்காதவன் ஏமாறுகிறான். உலை வைக்கிற எவளுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. டாக்டர் பத்ரிநாராயணனுக்கு மட்டும் சொல்ல வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஸார், என் வாக்குமூலத்தை நீங்கள் போன வாரமே எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் என் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. அதனால்தான் மறுபடியும் வந்திருக்கிறேன்.

நான் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருஷத்தோடு நின்றவன். லஸ்ஸில் டாக்டரின் எக்ஸ்ரே வைத்தியசாலையில் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. தினமும் காலையில் மிஷினை ஓடவிட்டு, அதன் கீழே அளவுக் கருவியை வைத்து, நிமிஷத்துக்கு எத்தனை அலகு கதிர் விழுகிறது என்று பார்ப்பேன். நோயாளிக்கு வேண்டிய மொத்த அளவை அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை நிமிஷம் என்று தெரிந்துவிடும். அதைச் சிலேட்டில் எழுதி மாட்டுவேன். எந்த வியாதிக்கு எத்தனை அலகு என்று டாக்டர் பாரிஸில் படித்தபோது தன் கையால் எழுதிவந்த பட்டியல் சுவரில் தொங்கியது. தலைப்படைக்கு எண்ணூறு. படை வந்த தலையில் கதிர் விழுந்தால் முடி கொட்டும், முடியோடு படையும் போகும், மூன்று மாதத்தில் புது முடி முளைக்கும்.

1931 ஆனி மாதம் பழைய பிரெஞ்சு மிஷினை எடுத்துவிட்டு ஜெர்மன் மிஷின் வைத்தார்கள். அதன் கருவியும் ஜெர்மன். நிமிஷத்துக்கு நாற்பது காட்டியது. ஜெர்மன் அலகு ஒன்று, பிரெஞ்சு அலகு இரண்டேகாலுக்குச் சமம். அப்படியானால் சுவரில் இருந்த எண்ணூறு பிரெஞ்சு அலகு இந்தக் கருவிக்கு முந்நூற்று ஐம்பத்தைந்துதான். நாற்பதால் வகுத்தால் ஒன்பது நிமிஷம். மாற்றாமல் அப்படியே வகுத்தால் இருபது.

அன்றைக்கே டாக்டரிடம் சொன்னேன். கூடத்தில் ஏழெட்டு நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். கம்பவுண்டர் பஞ்சாட்சரம் ஐயரும் நின்றிருந்தார்.

"ஏண்டா ரகுபதி, ரெண்டு வருஷம் பெஞ்சைத் தேச்சுட்டு ஓடிவந்தவன் நீ. நேக்குப் பாடம் எடுக்கறயா?" என்றார் டாக்டர். "அலகுன்னா உலகம் பூரா ஒண்ணுதாண்டா. ஐயரே, படிப்பை முடிச்சுண்டு வரச்சொல்லுங்கோ இவனை."

பஞ்சாட்சரம் சிரித்தார். நோயாளிகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உள்ளே போய்ச் சிலேட்டில் இருபது என்று எழுதினேன்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். டாக்டரே சொல்லிவிட்டார், "ரகுபதி அன்னிக்கே எச்சரிச்சான், நான்தான் கேக்கலை" என்று. பெருந்தன்மையாகப் பேசி என்னைக் காப்பாற்றிவிட்டார். அவருடைய பெருந்தன்மை எனக்கு வேண்டாம்.

முதலில் வந்த மூன்று குழந்தைகளுக்கு இருபது நிமிஷம் கொடுத்தேன். மூன்றாவது வாரம் தலை சிவந்து நீர் கோத்தது. "தோல் வாகு" என்று டாக்டர் களிம்பு கொடுத்தார். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. ஒரு குழந்தை என்றால் தோல் வாகு என்பார். மூன்று என்றாலும் சொல்லத்தான் சொல்வார். பத்துப் பேர் என்றால் ஊர் கேட்கும், பத்திரிகையில் வரும். அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். என் நோட்டில் தேதி, பேர், நிமிஷம் எல்லாவற்றையும் குறித்து வந்தேன். பக்கத்திலேயே சரியான நிமிஷத்தையும் எழுதினேன். அவர் கணக்கு இது, என் கணக்கு இது என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆவணியில் ஒரே வாரத்தில் இரண்டு பெண் குழந்தைகள் வந்தார்கள். ஒருத்தி சுலோச்சனா. மாம்பலத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரரின் மகள். காலையில் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பவள். இன்னொருத்தி தேவானை, எட்டு வயது, நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் கெங்கம்மாவின் மகள். படைத் தலையோடு பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"இன்னா நைனா, மொட்டையானா மறுபடி மொளைக்குமா? பொட்டப் புள்ள" என்றாள் கெங்கம்மா.

"மூன்று மாதத்தில் முளைத்துவிடும்" என்றேன். பட்டியலில் அப்படித்தான் இருந்தது.

"படிக்கணுங்குது. நம்ம குப்பத்துல எது படிச்சிக்கீது? நீதான் நைனா பாத்துக்கணும்."

தலையை ஐந்து இடமாகப் பிரித்து நாளைக்கு ஓரிடமாகக் கொடுப்பது வழக்கம். குழந்தைகள் அசையக் கூடாது. அதனால் ஒரு வேலை கொடுப்பேன். அறுபது எண்ணி ஒரு விரலை மடக்கு, மறுபடி அறுபது எண்ணி அடுத்த விரல். தேவானைக்கு எண்ணத் தெரிந்திருந்தது. அம்மாவிடம் மீன் கூடையில் கற்றது. ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டாள். "லாபம், ரெண்டு, மூணு" என்று வியாபாரிகள் எண்ணுவது போலவே எண்ணுவாள். கதிரைத் தடுக்கும் ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

முதல் நாள் சுலோச்சனாவுக்கு முடித்து, அடுத்து தேவானையைப் படுக்க வைத்தேன். வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள்.

"அண்ணே, ஒம்போது வெரலு மடக்கிட்டேன். எறங்கட்டா?" என்றாள்.

"இன்னும் இருக்கு. ஆடாதே."

"அந்தக்காவுக்கு ஒம்போது வெரலுதானாமே. எனுக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

நீங்கள் கேட்காமல் விட்ட பக்கம் அதுதான். சுலோச்சனா, ஒன்பது நிமிஷம், ஐந்து நாள். டாக்டர் உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை, அன்றும் பார்க்கவில்லை, என்றும் பார்த்ததில்லை. அவளுக்குப் படை போய் இப்போது தலை முழுக்கப் புது முடி முளைத்திருக்கிறது.

எல்லோருக்கும் அப்படியே கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. குழந்தைகளுக்குக் குணமாகியிருக்கும். கைராசிக்காரர் என்று டாக்டருக்குப் பேர் வந்திருக்கும். சுவரில் அந்தப் பட்டியல் தொங்கிக்கொண்டே இருக்கும். என் கணக்கு சரி என்று அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

"உனக்குப் படை ஜாஸ்தி" என்றேன் தேவானையிடம்.

"அப்டீனா சரி" என்றாள்.

கை விரல்கள் தீர்ந்ததும் கால் விரல்களுக்குப் போனாள். அவை தனித்தனியாக மடங்கவில்லை. அசைத்துப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். இருபது ஆனதும் தானே இறங்கினாள். மற்ற நாலு நாளும் அவள் எதுவும் கேட்கவில்லை.

புரட்டாசியில் புண் வந்தது. ஐப்பசி மழையில் சீழ் வைத்தது. கெங்கம்மா குழந்தையைத் துணியில் சுற்றி டிராமில் தூக்கிவந்தாள். நாற்றம் தாங்காமல் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்துபோனார்களாம். கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள் இறந்துவிட்டாள். பத்துப் பேர் ஆகும் என்று நினைத்திருந்தேன். நாலிலேயே நீங்கள் வந்துவிட்டீர்கள். வைத்தியசாலையைப் பூட்டினீர்கள். டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீ சொன்ன கணக்குதாண்டா சரி" என்றார். அதைக் கேட்க ஐந்து மாதம் ஆயிற்று.

இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். அளந்ததில் பிழை இல்லை, வகுத்ததில் பிழை இல்லை. தேவானைக்கு ஒரு காசளவு படைதான் இருந்தது. தலை முழுக்க இருந்தது சுலோச்சனாவுக்கு.

ஒரு குழந்தையிடம் பொய் சொல்லியிருக்கிறேன். நான் செய்த தவறு அது ஒன்றுதான்.