கை இருக்கிறதா என்று கேட்ட மெஷின்

இந்த ஃபேனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும் சார், சத்தம் நின்றுவிடும். ஓடுகிற எதையும் என்னால் கவனிக்காமல் இருக்க முடியாது. என் தொழிலே அதுதான்.

எங்கள் தொழிற்சாலையில் பிரஸ் மெஷினை இயக்கும் புரோகிராமை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மேனேஜர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். அதனால் அது ஓடும்போதே உள்ளே டிரேஸர் என்ற வேவு புரோகிராமை நுழைப்பேன். புரோகிராமுக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபங்ஷன் உண்டு; எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிடுகிறது, என்ன பதில் வருகிறது என்று எல்லாம் திரையில் தெரியும். மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம், மூலத்தில் ஓர் எழுத்துகூட மாறாது. வேண்டுமானால் வருகிற பதிலை வழியிலேயே மாற்றியும் அனுப்பலாம்.

அந்த மெஷினில் நிற்பவர் என் தங்கை புருஷன். எப்போதும் சிரித்த முகம்.

"என்ன மச்சான், இன்னிக்கும் வேவு பாத்தாச்சா?" என்று கிண்டல் செய்வார். நானும் சிரித்து வைப்பேன்.

போன மாதம் தங்கையின் மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது. விரல் தடம் அப்படியே பதிந்திருந்தது.

"ஒண்ணுமில்லண்ணா, நீ சும்மா இரு," என்றாள்.

ஒருவர் வாயால் சொல்வதை நான் நம்புவதில்லை. ஆனால் வீட்டுக்குள் டிரேஸரை நுழைக்க முடியாதே. மிச்சத்தை நானே புரிந்துகொண்டேன்.

ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் பிரஸ் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும். உள்ளே கை இருக்கிறதா என்று அது பார்த்துச் சொல்லும். இருந்தால் பிரஸ் இறங்காது. அதை நம்பித்தான் எல்லோரும் கையை உள்ளே விடுகிறார்கள். ஒரு நாள் காலை அவர் கோணிக்கொண்ட தகட்டைச் சரிசெய்யக் கையை நீட்டினார். மெஷின் வழக்கம்போலக் கேட்டது. 'இல்லை' என்ற பதிலை நான் அனுப்பினேன்.

புரோகிராமில் ஒரு குறையும் இல்லை, அவருடைய கவனக்குறைவுதான் என்று விபத்து அறிக்கையில் எழுதப் போகிறீர்களாமே. முதல் பாதி சரி. இரண்டாவது தப்பு, அதைத் திருத்தத்தான் வந்தேன்.

ஆஸ்பத்திரியில் தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். "கொஞ்ச நாளா எனக்குத் திடீர் திடீர்னு தலை சுத்துதுண்ணா. நீ பயப்படுவேன்னுதான் சொல்லல. மாடிப்படியில விழப்போனவள அவர்தான் கையப் பிடிச்சு இழுத்தாரு. இனிமே எந்தக் கையால பிடிப்பாரு?"

அவள் புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டாள் சார். பொய் சொல்கிறாள். பொய்யாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் செய்திருப்பது என்னவென்று நீங்களே சொல்லுங்கள்.