மருத்துவரின் கோட்டில் இடம் மாறிய காஜா

பேச ஐந்து நிமிடம் என்று விரல்களை விரித்துக் காட்டியிருக்கும் தலைவர், ஜெராக்ஸ் கடை அண்ணன் அவர்களே, என் ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருக்கும் செயலாளர் செக்கர் அண்ணன் அவர்களே, மருந்துக்கடை அக்கா அவர்களே, பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் உண்மையில் எங்கேதான் போகிறார்கள் என்று நேரில் பார்த்துவிட வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, விண்கப்பல் தொடர் என்றால் வீட்டையே மறக்கும் ரசிகத் தோழர்களே, இந்த வட்டத்தில் இன்னும் அரை உறுப்பினராகவே இருக்கும் ஒருத்தியின் முழு வணக்கம்.

எனக்கு மேடை புதிது. தாளைப் பார்த்துத்தான் பேசுவேன். தாள் நடுங்கினால் மின்விசிறிக் காற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்று எதற்காகக் கூடியிருக்கிறோம்? என்னை வைத்துக்கொள்வதா, வெளியே அனுப்புவதா என்று நீங்கள் கை தூக்கக் கூடியிருக்கிறோம். நான் செய்த குற்றம் என்ன? கப்பலின் மருத்துவர் உண்மையான மருத்துவரே அல்லர், அவர் உருவில் வந்த வேறொருவர் என்பது நம் கண்டுபிடிப்பு. நம் மலரில் வெளியிடுவதற்காக மூன்று மாதம் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். அது பாலத்துக்கு அந்தப் பக்கத்து ரசிகர் வட்டத்தின் மலரில் முதலில் வந்துவிட்டது. இங்கே புதியவள் யார்? நான். அப்படியானால் உளவாளி யார்? நான்.

செக்கர் அண்ணன் பேருந்தில் டிக்கெட் பரிசோதிப்பவர். அவர் கண்ணுக்கு இந்த உலகமே டிக்கெட் வாங்காமல் ஏறிய கூட்டம். சேர்ந்த அன்றே என்னையும் சோதித்தார். கேப்டன் பெயர் கேட்டார், தெரியவில்லை. கப்பலின் பெயர் கேட்டார், அதுவும் தெரியவில்லை. நரைமுடிக்காரர், தழும்புக்காரி என்றுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. அண்ணன் அக்கா பக்கம் திரும்பினார்.

"பேரே தெரியாம ரெண்டு வருஷமா பாக்குதாம். இதை யாரோ அனுப்பி வெச்சிருக்காங்கக்கா."

சிரிப்பவர்கள் சிரியுங்கள், காத்திருக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். தையல் கடையில் காஜா போடுகிறேன். பொத்தான் நுழையும் துளையை வெட்டி, நூலால் ஓரம் கட்டும் வேலை. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது. எங்கள் வீட்டில் டிவி கிடையாது. தையல் கடைக்கு எதிரே டிவி விற்கும் கடை. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கண்ணாடிக்குப் பின்னால் பன்னிரண்டு பெட்டிகளிலும் நம் கப்பல் பறக்கும். ஒலி கண்ணாடியைக் கடந்து வருமா? சாலையைக் கடந்து வருமா? கேப்டன் வாயைத் திறப்பார். பேருந்துதான் ஹாரன் அடிக்கும். வசனங்களை நானே வைத்துக்கொண்டேன். அக்கா, தம்பி என்று நினைத்து நான் ஒரு வருடம் உருகிய இருவர், கணவன் மனைவி என்று இங்கே வந்துதான் தெரிந்தது.

ஆனால் தோழர்களே, காது கேட்காததைக் கண் கேட்டது. ஆணின் கோட்டில் காஜா இடப்பக்கம் இருக்கும். மருத்துவர் சிவப்புக் கோளுக்குப் போனபோது இடப்பக்கம் இருந்தது. திரும்பி வந்தபோது வலப்பக்கம் இருந்தது. போனவர் ஒருவர், வந்தவர் வேறொருவர்.

என்ன சொல்கிறீர்கள் பின்வரிசை அண்ணா? படமே இடம்வலம் மாறி வந்திருக்கலாமா? நல்ல சந்தேகம். ஆனால் அதே காட்சியில், பக்கத்தில் நிற்கும் கேப்டனின் காஜா இடப்பக்கமேதான் இருந்தது. பன்னிரண்டு பெட்டியிலும் பார்த்தேன்.

இதை நான் முதன்முதலில் யாரிடம் சொன்னேன்? சேர்ந்த மாதமே, மாடிப்படியில் வைத்து, செக்கர் அண்ணனிடம் சொன்னேன். "சரி, பாக்கலாம்" என்றார். அடுத்த வாரம் அது குறிப்பேட்டில் ஏறியது, வட்டத்தின் கண்டுபிடிப்பு என்று. அன்று எனக்குப் பெருமைதான். இன்று கேட்கிறேன்: நான் திருடிவிட்டதாகச் சொல்லும் பொருள் யாருடையது? நான் கொடுத்ததை நானே திருடுவேனா?

அண்ணன் எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடிவிட்டார். எழுதுங்கள் அண்ணா, இன்னும் இருக்கிறது.

உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நானும் சந்தேகப்பட்டேன். தினமும் பாலத்தைத் தாண்டிப் போய்வருகிறவர் என்பதால் செக்கர் அண்ணனைச் சந்தேகப்பட்டேன். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்துவதால் அக்காவைச் சந்தேகப்பட்டேன். ஒரு பிரதி கூடுதலாக எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று தலைவரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பெற்ற தாயையே கேட்டேன், நான் சொன்னதை யாரிடமாவது சொன்னாயா என்று. அம்மா சொன்னது இதுதான்: "அந்த டாக்டருக்கு என்ன சீக்குன்னே எனக்குத் தெரியாதேடி."

அந்த அம்மாவுக்குப் போன செவ்வாய்க்கிழமை தலைவலி. அக்கா கடையில் இரண்டு மாத்திரை வாங்கிவந்து பொட்டலத்தைப் பிரித்தேன். தாளின் உள்பக்கம் நம் மருத்துவர். பாதி முகம், கோட்டை நோக்கி ஓர் அம்புக்குறி, பக்கத்தில் செக்கர் அண்ணனின் கையெழுத்தில் "காஜா மாறியிருக்கிறது". இதோ அந்தத் தாள்.

மலருக்குப் படி எடுக்கும்போது கோணலாக வந்த தாள்களைத் தலைவர் ஓரமாகப் போடுவார். அவற்றை அக்கா பொட்டலம் மடிக்க எடுத்துப்போவார். அந்தப் பக்கத்து வட்டத்தில் ஒருவருக்கு இருமல் வந்தால் போதாதா? நம் இரகசியம் வேளைக்கு இரண்டு வீதம், சாப்பாட்டுக்குப் பின் போய்ச் சேர்ந்திருக்கிறது.

உடனே நம்பிவிடாதீர்கள். இந்தத் தாளை நானே தயாரித்திருக்கலாம். வாங்கிப் பாருங்கள். மடிப்பில் மாத்திரைப் பொடி இருக்கிறது. அக்கா, நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். நீங்கள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. யாருமே காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. குற்றவாளியே இல்லாத குற்றத்துக்கு ஒருத்தரை ஒருத்தர் மூன்று வாரம் முறைத்துக்கொண்டோமே.

எதற்காகச் சேர்ந்தோம்? கடையில் பேசினால் வேலையைப் பார் என்றார்கள். வீட்டில் பேசினால் பைத்தியம் என்றார்கள். பேச ஓர் இடம் வேண்டும் என்று சேர்ந்தோம். கேட்க ஒரு காது வேண்டும் என்று சேர்ந்தோம். அந்த இடத்தின் வாசலிலும் டிக்கெட் கேட்டால், எங்களைப் போன்றவர்கள் எங்கே போய் இறங்குவது? ஒருவருக்குப் பெயர் தெரியும், ஒருவருக்குப் பொத்தான் தெரியும். இரண்டும் ஒரே ஆசைதானே?

தலைவர் மணியைத் தொடுகிறார். முடித்துக்கொள்கிறேன்.

எனக்கு இங்கே இருக்க வேண்டும். மறைக்கவில்லை. ஆனால், இவள் இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கும்போது நான் உங்களைப் பார்க்க மாட்டேன். எனக்குப் பின்னால் தொங்கும் இந்த மேடைத் திரையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்கிறேன். யார் தூக்கினார், யார் தூக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தால், நாளையிலிருந்து நான் உங்களைச் சந்தேகப்படத் தொடங்குவேன். தலைவர் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதும்.

குறுக்கிடாமல் கேட்ட பெரியோர்களுக்கும், குறுக்கிட்டுக் கேட்ட பின்வரிசைக்கும், மூடிய பேனாவைத் திறக்காத செயலாளருக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

திரும்பிக்கொண்டேன். கை தூக்குங்கள்.