கடிக்காத ரத்தக்காட்டேரி

அந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்கவில்லை, இன்ஸ்பெக்டர். என் மகள் சுதர்ஷினியின் படுக்கையில் கிடந்தது என்று எடுத்துவந்து மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். சௌராஸ்தா மார்க்கெட் மாடியில், பழைய புத்தகக் கடையில் வாங்கினாள். அட்டை கிழியும்வரை படித்துவிட்டு, "நீங்களும் படிங்களேம்மா, கண்டிப்பா அழுவீங்க" என்று என் கையில் கொடுத்தாள். கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆங்கிலம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ரத்தக்காட்டேரி கதை என்றதும் கொஞ்சம் எதிர்பார்த்துவிட்டேன். பயல் பார்க்க லட்சணமாக இருக்கிறான், அந்தப் பெண்மேல் உயிரையே வைத்திருக்கிறான். ஆனால் ஒரு தடவைகூடக் கடிப்பதில்லை. ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விடுகிறான். கடைசியில் அவளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. இவன் பஸ் நிலையம் வரை போய்க் கையசைத்து அனுப்பிவைக்கிறான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. விட்டுவிடுவதற்கு எதற்கு ஐந்நூறு பக்கம்?

எந்த இடத்தில் அழுதாய் என்று கேட்டேன். பஸ் நிலையத்தில்தானாம். "அவன் அவளை விட்டுட்டான்லம்மா. அதான் லவ்" என்றாள்.

அவளுக்கும் அப்போது கோலாலம்பூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அதை என்னிடம் நேரே கேட்கப் பயந்து, புத்தகத்தைத் தூது அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு மனசு நொந்துபோனேன்.

என் நிலைமையை நீங்கள் யோசிக்க வேண்டும். அவர் காலமாகிவிட்டார். மகன் கஜன் படிக்க மெல்பர்ன் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். தீபாவளிக்குத் தீபாவளி போனில் பேசுவான். இவளும் போய்விட்டால் நான் யாருக்குச் சமைப்பேன்? வேறு என்ன செய்ய முடியும் என்னால்?

முதல் காய்ச்சல் தானாக வந்தது. பள்ளியில் படிவம் ஆறு முடித்த சமயம். என் மடியில் தலைவைத்து, "எங்கயும் போயிடாதீங்கம்மா" என்றாள். அதற்குப் பிறகு வந்த நோயெல்லாம் நான் கொடுத்தது. எனக்குத் தூக்கம் வர கிளினிக்கில் தந்த மாத்திரைதான். பொடித்து அவள் குடிக்கும் மைலோவில் கலந்துவிடுவேன். போன வருஷம் கிடைத்த கல்லூரி இடம் தலைசுற்றலில் போயிற்று. பிறை ஊரில் ஒரு ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தவள் முதல் வாரமே மயங்கி விழுந்தாள். டாக்டர்கள் காரணம் தெரியாமல் ரத்தம் எடுத்து எடுத்து, அவள் கையெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டினேன். பக்கத்து வீட்டு ஷஹீராவைக் கேட்டுப்பாருங்கள், இப்படி ஒரு தாய் யாருக்கும் கிடைக்காது என்பாள்.

இந்தத் தடவை பிள்ளை பிடிவாதமாக இருந்தாள். பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். சுங்கை நிபோங் பஸ் நிலையத்திலிருந்து கோலாலம்பூருக்குக் காலை பஸ். வழக்கமான அளவு போதாது என்று எனக்குத் தோன்றியது.

ஒரு வாய் குடித்துவிட்டு, "கசக்குதும்மா" என்றாள்.

"வெறும் வயித்தோட பஸ் ஏறக் கூடாதுலா. குடிச்சிடு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு முழுவதையும் குடித்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. தெரிந்தே குடித்தாளோ என்று நீங்கள் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. பாதியிலேயே டம்ளரை வாங்கியிருக்கலாம். கை வரவில்லை.

ஆமாம், நான்தான் கொடுத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் கண் விழித்தாளாம். அம்மாவை உள்ளே விடாதீர்கள் என்று நர்ஸிடம் சொன்னாளாம். மயக்கத்தில் உளறியிருப்பாள், இன்ஸ்பெக்டர். என்னை ஒரு தடவை அங்கே கூட்டிப்போங்கள். நான் பக்கத்தில் இல்லாமல் அவளுக்கு ஒரு நாளும் உடம்பு முடியாமல் போனதே இல்லை.