உயிரோட கீறவருக்கு ஒரு மோளம்

யாரும் சாவல அண்ணாத்தே. மறுபடியும் சொல்றேன், இந்த பில்டிங்குல யாரும் சாவல. நீ மொதல்ல அந்த போன கீழ வை. செக்ரெட்டரிக்கு அப்பறமா சொல்லிக்கலாம். வாச்மேனு நீயே பேயறஞ்ச மாரி நின்னா, பால்கனில எட்டிப் பாக்கற ஜனம் இன்னா நெனைக்கும்? அதோ பாரு, நைட்டி போட்ட அந்தம்மா வாயில கைய வெச்சிகினு நிக்குது. ஒண்ணுமில்லம்மா, உள்ள போம்மா.

ஆங், மோளந்தான். சாவு மோளந்தான், இல்லன்னு சொல்லல. குமணன்சாவடி வேம்புலி டிரம்ஸ்னா பூந்தமல்லி பூரா தெர்யும். நாந்தான் அந்த வேம்புலி. தெர்ஞ்சி இன்னா பிரயோஜனம்? கல்யாணம்னா செண்டைக்கு போன் போட்றான். காதுகுத்துன்னா டிஜேவ கூப்புட்றான். ஊட்ல எவனாவது மண்டைய போட்டாதான் நம்ம நெம்பர தேட்றான். நல்லா அடிச்சோம்னு வெச்சிக்கோ, ஒருத்தன் வந்து கைய குடுத்து, 'சூப்பரு, அடுத்த தபாவும் உங்களதான் கூப்புடுவேன்'னு சொல்ல முடியுமா? சொன்னா அவன் பொண்டாட்டி சும்மா உடுவாளா?

யாருக்காக அடிக்கறமோ அவரு மட்டும் கேக்க மாட்டாரு. அதான் அண்ணாத்தே என் கொற. உயிரோட குந்தி கேக்கற ஒரு மன்சனுக்கு, ஒரே ஒரு தபா வாசிச்சிடணும்னு... சரி உடு. குடிக்க தண்ணி கீதா?

எல்லாம் இந்த கோபி பண்ண வேல. டிரம்பெட்ட வெச்சிகினு செவுத்த பாத்து நிக்கறான் பாரு, அவந்தான். 'அண்ணே, இன்ஸ்டாவுல பெரிய ஆளா பாத்து புடிக்கணும், அவங்க நம்ம மோள வீடியோவ ஒரு ஸ்டோரி போட்டா நாம எங்கியோ பூடுவோம்'னான். எப்பட்றா புடிக்கறதுன்னேன். சும்மா ஹாய்னு அனுப்பக் கூடாதாம். அவங்க வீடியோவெல்லாம் பாத்து, பேர சொல்லி, குடும்பத்த விசாரிச்சி, மனசார ரெண்டு வார்த்த எழுதணுமாம்.

அம்பத்தூர்ல ரேஷ்மான்னு ஒரு பொண்ணு கீது. பொடவ கட்டிகினு, பிரியாணி துன்னுகினு, மாமியார கலாய்ச்சி கலாய்ச்சி வீடியோ போடும். லட்சக்கணக்குல பாக்கறானுங்க. நானும் குந்தி அத்தினியும் பாத்தேன். மாமியாருக்கு சக்கர, மூட்டு வலி, கண்ணு ஆபரேசன், ஒண்ணு உடல. பாத்துட்டு மனசார எழுதுனேன். இரு, படிக்கறேன். 'வணக்கம் ரேஷ்மா மேடம். உங்க மாமியார்னா எங்களுக்கு உசுரு. அவங்களுக்கு முடியலன்னு பாத்தோம். வேற யாரையும் புக் பண்ணிடாதீங்க. நேரம் வரும்போது நாங்களே வந்து சிறப்பா செஞ்சி தர்றோம்.' கீழ ஒரு கைகூப்பி, ஒரு ரோசாப்பூ.

நீ ஏன் சிரிக்கற? இதுல மரியாத கொறச்சலா ஒரு வார்த்த கீதா?

அந்தப் பொண்ணு அத அப்பிடியே படிச்சி, அழுது, வீடியோ போட்டுச்சி. பின்னாடி மாமியாரு உயுந்து உயுந்து சிரிச்சிகினு கீது, அத ஒருத்தனும் பாக்கல. வந்தானுங்க பாரு திட்றதுக்கு. எமனுக்கு ஏஜென்ட்டுன்னு பேரே வெச்சிட்டானுங்க. இந்த கோபி இன்னா சொல்றான்? திட்றவனுக்கும் பதில் போடணுமாம், அப்பதான் அவன் ரசிகனா மாறுவானாம். நானும் ஒவ்வொருத்தனுக்கும், 'நன்றி நண்பா, உங்க ஊட்லயும் ஒரு வாய்ப்பு குடுங்க'ன்னு போட்டேன். இன்னும் ஜாஸ்தியா திட்றான்!

அந்த குப்பைக்குள்ள ஒருத்தரு எழுதியிருந்தாரு. 'தம்பி, என் பெயர் சுப்பராயன். எண்பது முடியப் போகிறது. உங்கள் வீடியோ ஒன்று விடாமல் பார்ப்பேன். நான் போன பிறகு நீங்கள் வந்து அடித்தால் எனக்கு எப்படிக் கேட்கும்? பிறந்தநாளுக்கே வந்துவிடுங்கள்.' படிச்சிட்டு நான் அழுதுட்டேன் அண்ணாத்தே. நடு ரோட்ல நின்னுகினு அழுதேன். உங்க நாலாவது மாடி பெரியவருதான். அவருக்குதான் வந்துகீறோம்.

இன்னா? அவரு புள்ள தினகரன் சாரு உன்கிட்ட ஒண்ணும் சொல்லலியா? எப்பிடி சொல்லுவாரு? அவருக்கே தெரியாது. பெரியவரு ஊட்ல யாருக்கும் மூச்சு உடல. அதுக்காக நாம சும்மா இருக்க முடியுமா? நம்மளோட ஒரே ரசிகரு. கவுரவப்படுத்த வேணாவா? காலைல சோக்கா ஒரு போஸ்ட்டு போட்டேன். நடுவுல அவரு போட்டோ, சுத்தி சாமந்திப்பூ, ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு. 'திரு. சுப்பராயன் அவர்கள், பாரிவாக்கம். இன்று மாலை நான்கு மணிக்கு. அனைவரும் வருக.' கீழ நம்ம கம்பெனி பேரு.

பொறந்தநாளுன்னு போட்டியான்னு கேக்கறியா? அது... எப்பவும் போட்ற டிசைன்தான? பேரையும் போட்டோவையும் மாத்துனேன். பொறந்தநாளுன்னு... இரு, பாக்கறேன்.

ஐயய்யோ.

அதான் காலைலேந்து அத்தினி பேரு கைகூப்பி போட்டுகினு கீறானுங்களா? நான் வாழ்த்துறானுங்கன்னு இல்ல நெனச்சேன்! நன்றி நண்பான்னு எல்லாருக்கும் பதில் வேற போட்டுட்டனே...

அண்ணாத்தே, அந்த ஆட்டோவ பாரு. ஆளாளுக்கு ஒரு மாலயோட எறங்கறாங்க. பின்னாடி கார்ல வர்றது யாரு, தினகரன் சாரா? தலைல அடிச்சிகினு வர்றாரே. நீ தெர்ஞ்ச ஆளு, நீயே பக்குவமா... எங்க போற? கேட்ட தொறந்து உட்டுட்டு எங்கப்பா ஓட்ற?

டேய் கோபி, நீயும் ஓடாத. மேல பாரு. பெரியவரு புது சொக்கா போட்டுகினு, பால்கனில சேர் போட்டு குந்திகினு நமக்கு கை தட்றாரு. அவருக்கு கேக்கணும்டா. எட்றா டிரம்ம. சந்தோசமா ஒண்ணு அடிங்கடா.

அது இல்லடா, அது பாடைய தூக்கற அடி. வேற. டேய், அது சுடுகாட்டு வாசல்ல அடிக்கறது. வேற ஒண்ணும் தெரியாதா நமக்கு?

சரி, அதையே அடி. சிரிச்சிகினே அடி.