மிச்சமான மருந்து

— மேடம், நான் போன்ல சொன்ன புகார்ல ஒரு வார்த்தைகூட மாத்திக்க மாட்டேன். நேராப் பேசறவன் நான். எங்கப்பாவோட கடைசி நாள் அந்த நர்ஸாலதான் அப்படி ஆச்சு.

— மாத்திக்கச் சொல்லி நான் வரல தம்பி. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? மாடி ஏறினதுல மூச்சு வாங்குது.

— குட்டி, மேடத்துக்குத் தண்ணி கொண்டா.

— நான் யாருன்னு முதல்ல சொல்லிடறேன். அந்த நர்ஸை அனுப்பற மையத்துல நான் வேலை பாக்கல. ரொம்ப வருஷம் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ஓய்வு வாங்கினவ. இனிமே வைத்தியம் இல்லன்னு ஆனவங்களை வீட்டுக்கே வந்து பாத்துக்கறோம்னு அவங்க சொல்றாங்க இல்லையா, சொன்னபடி பாக்கறாங்களான்னு வீடு வீடாப் போய்க் கேட்டுட்டு வர்றதுதான் என் வேலை. நல்லதையும் கேப்பேன், பொல்லாததையும் கேப்பேன்.

— நல்லது வேணும்னா வேற வீட்டுக்குத்தான் போகணும். இங்க கிடைக்காது.

— இந்தாங்கம்மா, தண்ணி.

— நல்லா இரு கண்ணு. நீதான் மகளா? அப்பாவைக் கூடவே வச்சுப் பாத்துக்கிட்டது நீதானா?

— ஆமாம்மா. இங்கதான், இந்த ஜன்னலோரம். கட்டிலை நேத்துதான் மையத்துக்காரங்க வந்து எடுத்துட்டுப் போனாங்க. தையல் மெஷினை இன்னும் பழைய எடத்துல போடல. துணியெல்லாம் அப்படியப்படியே கெடக்கு. மன்னிச்சுக்குங்க.

— வீட்டைப் பாக்க நான் வரல. நீயும் ஒக்காரு. தம்பி, முதல்ல பொதுவாக் கேக்கறேன். நர்ஸ் வர்றேன்னு சொன்ன நாள்ல வந்தாங்களா?

— அது... இவளைத்தான் கேக்கணும்.

— படுக்கைப் புண் வராம திருப்பித் திருப்பிப் படுக்க வைக்கணும். எப்படின்னு வீட்டு ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?

— அதையும் இவதான் சொல்லணும். நான் வேற ஊர்ல லாரி கம்பெனி கிளை ஒண்ணைப் பாத்துக்கறேன் மேடம். நெனச்சா கிளம்பி வர்ற வேலை இல்ல. கடைசி நாள்தான் வந்து கூட இருக்க முடிஞ்சுது. அன்னிக்கு என் கண்ணால பாத்ததைத்தான் சொல்றேன்.

— சரி, அதையே சொல்லுங்க.

— கீழ வாசக்கதவுகிட்ட வர்றப்பவே சத்தம் கேக்குது. எங்கப்பா குரல்னு எனக்குத் தோணவே இல்ல. ஏதோ நாய் வண்டியில அடிபட்டுக் கெடக்குன்னு நெனச்சேன். மேல வந்து பாத்தா, உடம்பு வில்லா வளைஞ்சு கெடக்கு, தலையணையைக் கடிச்சுக்கிட்டு இருக்காரு. எதிர்வீட்டுக்காரங்க எல்லாம் நடையில வந்து நிக்கறாங்க. என்னடா மகன் இவன்னு பாக்கற மாதிரி பாக்கறாங்க. எங்க போய் மூஞ்சியை வச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியல.

— நர்ஸைக் கூப்பிட்டீங்களா?

— இவ கூப்பிட்டா. வந்தாங்க. வரலன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா வந்து என்ன பண்ணினாங்க தெரியுமா? ஊசியில மருந்தை ஏத்திக் கையில வச்சுக்கிட்டு நிக்கறாங்க. போட மாட்டேங்கறாங்க. அங்க அவர் துடிக்கிறாரு, இவங்க என்னைப் பாத்து, ‘சார், அப்பாகிட்டப் பேசிட்டீங்களா’ன்னு கேக்கறாங்க. பேசற நேரமா அது? ‘முதல்ல ஊசியைப் போடு, அவரைத் தூங்க வை’ன்னு கத்தினேன். அப்பவும், ‘ஒரு நிமிஷம் பக்கத்துல ஒக்காருங்க சார்’ங்கறாங்க. நான் என்னென்னவோ சொல்லித் திட்டினேன். அப்பறம்தான் போட்டாங்க. அடங்கிட்டாரு. திரும்ப முழிக்கவே இல்ல.

— ஊசி போடறதுக்கு முந்தி அப்பா உங்களைப் பாத்தாரா?

— பாத்தாரு. கையைப் பிடிச்சாரு. ஏதோ சொல்ல வந்தாரு. நான்தான், ‘பேசாதீங்க, கண்ணை மூடித் தூங்குங்க’ன்னு... அதை விடுங்க மேடம். குட்டி, அந்த பாட்டிலை எடுத்து வந்து காட்டு.

— எதுக்குண்ணா அது இப்ப?

— எடுத்து வான்னா எடுத்து வா.

— நானே கேக்கணும்னுதான் இருந்தேன் கண்ணு. மார்ஃபின் மருந்து வீட்டுல கெடக்கக் கூடாது. மிச்சம் இருந்தா நான் வாங்கிட்டுப் போய் மையத்துல ஒப்படைக்கணும்.

— பாத்துக்குங்க மேடம். வலிக்குக் குடுக்கற மருந்து. கழுத்து வரைக்கும் அப்படியே நிக்குது. ஒழுங்காக் குடுத்திருந்தா அந்த மனுஷன் அப்படிக் கத்தியிருப்பாரா? இதுக்கு மேல என்ன ருசு வேணும் உங்களுக்கு?

— தம்பி, கோவிச்சுக்காம கேளுங்க. நர்ஸ் வாரத்துக்கு ரெண்டு வாட்டிதான் வருவா. நடுவுல இதை வேளாவேளைக்கு அளந்து வாயில ஊத்தறது வீட்டு மனுஷங்கதான். எல்லா வீட்டுலயும் அப்படித்தான். கண்ணு, நீதானே குடுத்துக்கிட்டிருந்தே?

— ஆமாம்மா.

— இதுக்கு முந்தின பாட்டில் காலியாகித்தானே இதைக் குடுத்தாங்க?

— ஆமாம்மா.

— அப்ப இது மட்டும் ஏன் இப்படி இருக்கு?

— குட்டி, கேக்கறாங்கல்ல. வாயைத் தொறந்து சொல்லு.

— நர்ஸ் அக்கா மேல ஒரு தப்பும் இல்லண்ணா.

— உன்னை அதைக் கேக்கல.

— நான்தான் குடுக்கல. நான்தான் குடுக்கலன்னு வச்சுக்குங்கம்மா. மறந்துட்டேன்.

— மறந்துட்டியா? பாலு வாங்க மறந்தேங்கற மாதிரி சொல்றே? போன் பண்றப்பல்லாம், ‘அப்பா நல்லா இருக்காருண்ணா, நிம்மதியா இருக்காருண்ணா’ன்னியே, எல்லாம் பொய்யா? பெத்த அப்பனைத் துடிக்க விட்டுட்டு எங்கிட்டப் பொய் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

— தம்பி, கொஞ்சம் பொறுங்க. கண்ணு, இப்படி என் பக்கத்துல வந்து ஒக்காரு. நேத்து நான் அந்த நர்ஸைப் போய்ப் பாத்தேன். ‘புகார் சரிதாம்மா, என் பேர்லதான் தப்பு, என்னை வேலையிலேருந்து எடுத்துடுங்க’ன்னா. வேற ஒரு வார்த்தை பேசல. எத்தனையோ நர்ஸுங்களை விசாரிச்சிருக்கேன். தப்பு பண்ணினவ அப்படி ஒரே போடாப் போட மாட்டா. ஆயிரம் சாக்கு சொல்லுவா.

— அவங்களுக்கு வேலை போயிடுமா?

— போகலாம். இப்பவே நோயாளிங்க வீடுகளுக்கு அவளை அனுப்பறதில்ல. அவ பாத்துக்கிட்டிருந்த தபால்காரர் ஒருத்தர் வேற யாரையும் புண்ணைத் தொட விட மாட்டேங்கறாராம். புகார் வந்ததும், விசாரிக்கற வரைக்கும் நிறுத்தி வைங்கன்னு சொன்னதே நான்தான். அவளை ஒரு வார்த்தை கேக்காம சொன்னேன். இன்னும் அது எனக்கு உறுத்துது.

— அம்மா, இத்தனை நாளா அவங்க மூஞ்சியில முழிக்க முடியாம ஒளிஞ்சுக்கிட்டிருக்கேன் நான். தெருவுல அவங்க போறதைப் பாத்தா ஜன்னலைச் சாத்திடுவேன். அப்பாவுக்கு நகம் வெட்டி விட்டது அவங்க. புண்ணைக் கழுவினது அவங்க. முறை இல்லாத நாள்லயும் வேலை முடிஞ்சு போறப்ப மாடி ஏறி வந்து அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க. அண்ணன் அவ்வளவு பேரு முன்னாடி அவங்களைத் திட்டறாரு, நான் தரையைப் பாத்துக்கிட்டு நிக்கறேன். என்னை நெனச்சா எனக்கே கேவலமா இருக்கும்மா.

— ஏன் சும்மா நின்னே?

— அப்பா சத்தியம் வாங்கிட்டாரு. எங்கிட்டயும், அவங்ககிட்டயும்.

— என்னன்னு?

— அண்ணனுக்குத் தெரியக் கூடாதுன்னு.

— எனக்கா? எனக்கு என்ன தெரியக் கூடாது?

— அண்ணா, நீ கொஞ்சம் கீழ போயிட்டு வர்றியா?

— போக மாட்டேன். சொல்லு.

— மருந்து வேண்டாம்னது அப்பாதாண்ணா.

— உளறாதே. அந்த வலியில யாராவது அப்படிச் சொல்லுவாங்களா?

— மருந்தை வாய்கிட்டக் கொண்டு போனா உதட்டை இறுக்கி மூடிக்குவாரு, குழந்தை மாதிரி. ஒரு தடவ பழச்சாறுல கலந்து குடுத்துப் பாத்தேன். ஒரு வாய் வச்சதுமே தெரிஞ்சுக்கிட்டு அப்படியே துப்பிட்டாரு. அன்னிக்குப் பூரா எங்கூடப் பேசல.

— ஏன்? எதுக்காக?

— குடிச்சா தூக்கம் வந்துடுதாம்.

— வந்தா என்ன? தூங்கட்டுமே. அதுக்குத்தானே மருந்தே குடுக்கறது.

— கண்ணு, அளவைக் குறைச்சா வலியும் அடங்கும், முழிச்சும் இருக்கலாமே. நர்ஸ் சொல்லலியா?

— சொன்னாங்கம்மா. கெஞ்சினாங்க. ‘ராத்திரி பஸ் ஓட்டினவன் நான், தூக்கத்தைப் பத்தி எனக்கே பாடம் நடத்தறியா’ன்னு கேட்டாரு. கண்ணு ஒரு தடவ சொக்க விட்டா வண்டி நம்ம கையில இல்லன்னாரு. டாக்டர்கிட்டச் சொல்லவான்னு அக்கா கேட்டப்ப அழுதுட்டாரு. சொன்னா ஊசி போட்டுப் படுக்க வச்சிடுவாங்கன்னு பயம்.

— டாக்டர்கிட்ட அவ சொல்லியிருக்கணும். அது ஒண்ணு அவ தப்புதான், அதை நான் மறைக்க முடியாது. ஆனா வேண்டாங்கறவர் வாயில பலவந்தமா ஊத்தலைங்கறதுக்காக யாரையும் வேலையை விட்டு எடுக்கவும் விட மாட்டேன்.

— எதுக்கு அவர் முழிச்சிருக்கணும்? குட்டி, எதுக்கு?

— நீ நாளைக்கு வர்றேன்னு சொன்னே இல்லண்ணா. மறுநாளும் நாளைக்குன்னே. லாரி வழியில நின்னுடுச்சு, ஆளுங்க லீவு, பொண்ணுக்குப் பரீட்சை. எல்லாத்தையும் நான் அப்பாகிட்டச் சொல்லுவேன். ‘பாவம், அவனுக்கு எத்தனை வேலை, நாளைக்கு வந்துடுவான்’ம்பாரு. காலையில எழுந்ததும், ‘அவன் வர்றப்ப மூஞ்சி நல்லா இருக்கட்டும், ஷேவ் பண்ணி விடு’ம்பாரு. பிளேடு படறப்ப தாடை நடுங்கும். பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காட்டுவாரு.

— எனக்குப் பாக்கத் தெம்பு இல்ல குட்டி. வேலையெல்லாம் சும்மா. அவரை அந்தக் கோலத்துல பாக்க எனக்குப் பயம். ஒரு நாள் வண்டி ஏறிட்டு, பாதி வழியில எறங்கித் திரும்பிப் போயிருக்கேன். வீட்டுலகூடச் சொல்லல.

— அவருக்குப் புரிஞ்சுதான் இருந்துச்சுண்ணா.

— நீ சொல்லியிருக்கலாம். உனக்காகத்தான் முழிச்சுக்கிட்டிருக்காருன்னு ஒரு வார்த்தை. விழுந்தடிச்சு ஓடி வந்திருப்பேன்.

— ‘சொன்னா, என் வலிக்காக வருவான். வேண்டாம். அவனா வரட்டும்’னாரு.

— அப்ப அந்த நர்ஸம்மா... பேசிட்டீங்களா, பக்கத்துல ஒக்காருங்கன்னது...

— ஆமாண்ணா.

— அவங்களை நான் என்னென்ன சொன்னேன். ஊசி போடத் தெரியாதவங்களை எல்லாம் அனுப்பறாங்கன்னு எதிர்வீட்டுக்காரங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். மேடம், அவங்க வீடு எங்க இருக்கு?

— சொல்றேன் தம்பி. இப்படியே போய் நிக்காதீங்க, அவ பயந்துடுவா. முதல்ல மூஞ்சியைக் கழுவுங்க. நானும் கூட வர்றேன். நானும் அவகிட்டச் சொல்ல வேண்டியது இருக்கு.

— ஒண்ணு மட்டும் எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. தூங்கிக்கிட்டிருந்தா என்ன? தட்டி எழுப்பியிருப்பேனே. இல்ல, அவர் முழிக்கற வரைக்கும் இங்கயே ஒக்காந்திருப்பேனே. மருந்தைக் குடிச்சிட்டு நிம்மதியாப் படுக்கற அளவுக்குக்கூட அவருக்கு எம்மேல நம்பிக்கை இல்லாமப் போச்சா?

— விடுண்ணா. போனவர் போயிட்டாரு.

— இல்ல, சொல்லு குட்டி. இதையும் மறைச்சு வச்சுக்கிட்டு நீ கஷ்டப்பட வேண்டாம்.

— இந்தப் புது பாட்டில் வந்த அன்னிக்குத்தாண்ணா, நீ இந்தப் பக்கம் ஏதோ வேலையா வந்தவன் பழப்பையோட மேல ஏறி வந்து, உள்ளகூட வராம எட்டிப் பாத்துட்டு, ‘தூங்கறாரு, எழுப்பாதே’ன்னு பையை எங்கையில குடுத்துட்டுப் போனது, அன்னிக்கு அப்பா தூங்கலண்ணா, மருந்து மயக்கத்துல கண்ணைத் தொறக்க முடியாம, நீ படி எறங்கிப் போற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தாரு.