அடி கெட்டியாத்தான் இருக்கு

ட்ரௌட் மீன் மேலே எழும்பிப் பூச்சி பிடிப்பதைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். ஆனால் அது வயிறு நிரப்புவது அடியில்தான், ஐயா. அதனால் எங்கள் பக்கம் கல்லடிப் புழுவைப் போலத் தூண்டில் முள்ளில் நூல் சுற்றி, எடைக்கு ஒரு கனமான மணியும் கோத்துக் கட்டுவோம். தூர வீச வேண்டியதில்லை. ஆற்றில் இறங்கி, மீனுக்குப் பக்கத்திலேயே நின்று, அதைத் தரையோடு உருளவிட வேண்டும்.

வெண்டெலினும் நானும் யிசேரா ஆற்றில் அப்படி நின்றே கிழவர்களானோம். என் மனைவி போனபிறகு எனக்குப் பேச்சுத்துணை அவன் ஒருவன்தான். குளிர்காலத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்து இடதுகால் இழுத்துக்கொண்டது. அவன் மகள் பிளாங்கா அவனைத் தன்னோடு தூரத்து ஒஸ்ட்ராவா நகரத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னாள். நானே சமைத்துப் போடுகிறேன், துணைக்குப் படுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் பெட்டி கட்டினாள். நான் என்ன செய்ய முடியும்?

கிளம்புவதற்கு முன் ஒருமுறை ஆற்றுக்குப் போகலாம் என்று அவனை அழைத்தேன். கரையில் சாசேஜ் தின்றபடி சிரித்தான்.

"இனிமே பால்கனியில உக்காந்து டிராம் பாக்க வேண்டியதுதான்டா. பேத்தி சீட்டாடக் கத்துக்கிட்டாளாம். உன்னை மாதிரி கள்ளாட்டம் ஆடமாட்டா."

உள்ளுக்குள் உடைந்துபோயிருந்தான். எனக்குத் தெரியும்.

ஊன்றுகோலைக் கரையில் வைக்கச் சொன்னது நான்தான். ஆற்றில் இறங்க அவன் போட்டிருந்த, மார்புவரை வரும் ரப்பர் உடுப்பின் இடுப்புவாரையும் தளர்த்திவிட்டேன், சாப்பிட்ட வயிற்றை இறுக்குமே என்று. வார் இறுக்கமாக இருந்தால் விழுந்தாலும் உள்ளே தண்ணீர் புகாது என்பது உண்மைதான்.

பாலத்துக்குக் கீழே ஓரிடத்தில் அடி சட்டென்று இறங்கும். நோய்க்குப் பிறகு அவனுக்கு அது மறந்துபோயிருந்தது. "இன்னும் கொஞ்சம் முன்னால வா. அடி கெட்டியாத்தான் இருக்கு" என்றேன். வந்தான்.

அவன் சரிந்தபோது நான் ஒரு மீனைப் பிடித்து, முள்ளைக் கழற்றியிருந்தேன்.

"ஓல்டா, கை குடுடா."

எட்டிக் கொடுக்கும் தூரம்தான். ஆனால் களைத்த மீனை அப்படியே விட்டால் புரண்டு செத்துவிடும். அதன் தலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்து, செவுள் அசையும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். அது வாலை உதறிப் போனபிறகுதான் திரும்பிப் பார்த்தேன். ஆறு மட்டும் இருந்தது.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலேயே அவனைப் புதைத்தார்கள். ஞாயிறுதோறும் போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். இந்த ஞாயிறு நீங்கள் என்னை இங்கே காவல் நிலையத்தில் உட்காரவைத்துவிட்டீர்கள். பாவம், அவனுக்குத் தனியாக இருந்தால் தாங்காது.