தகரம் தட்டுற வேலை

கோப்பிக்குச் சீனி வேணாம் சார், எனக்கு இனிப்பு நீர் இருக்கு.

ஜெராம் கடலோரச் சேத்துல நத்தை ஆராய்ச்சிக்கு இறங்குறவங்களுக்காக நான் கரையில நிப்பேன். கடல் ஏறுறப்ப தண்ணி ஓடை வழியா பின்னால வந்து சூழ்ந்துக்கும், குனிஞ்சு நிக்கிறவங்களுக்குத் தெரியாது. அது ஏற ஆரம்பிச்சதும் பிஸ்கட் தகரத்தைத் தட்டணும். சத்தம் கேட்டா அவங்க கரை ஏறணும். அவ்வளவுதான் என் வேலை.

போன வருஷம் என் தங்கச்சி குமுதா, டாக்டர் லோகேஸ்வரனுக்கு உதவியா இறங்கினா. நான் தட்டினேன். அவரு ஏறி வந்துட்டாரு. அவளை மட்டும், "எண்ணி முடிச்சிட்டு வாம்மா"ன்னு விட்டுட்டு வந்தாரு. மறுநாள்தான் சேத்தோரமா நிக்கிற பாக்காவ் மரத்து வேர்ல இருந்து அவளைப் பொணமா எடுத்தோம். விசாரணையில அந்த மனுஷன் வாய் கூசாம, "அவங்கக்கா தகரமே தட்டலை"ன்னாரு. அம்மா அதை நம்பிட்டாங்க, சாகுற வரைக்கும் என்கிட்ட பேசலை. அவரு என்னமோ பெரிய மனசு பண்ணி என்னை வேலையில வச்சுக்கிட்டாரு.

அவருதான் ஒரு நாள் தொட்டியில காமிச்சாரு. நண்டு வாசம் பட்டா நல்ல நத்தை மேயறதை விட்டுட்டுப் புதைஞ்சுக்குது. உள்ள புழு புகுந்த நத்தை அது பாட்டுக்கு மேஞ்சுக்கிட்டே இருக்கு. "புழு பயத்தைத் தின்னுடுச்சு, பாத்தீங்களாக்கா"ன்னு சிரிச்சாரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் முந்தியே தட்டினேன். முதல்ல விழுந்தடிச்சு ஓடி வந்தாரு. தண்ணியைக் காணோம். கொஞ்ச நாள் திட்டினாரு, பிறகு திரும்பியே பாக்கலை. "அக்கா சும்மா தட்டும் லா, நீ வேலையைப் பாரு"ன்னு புதுசா சேர்ந்த நித்தியாகிட்ட அவரு சொன்னது கரை வரைக்கும் கேட்டுச்சு.

போன வெள்ளிக்கிழமை சரியான நேரத்துக்குத் தட்டினேன். கை நோக நோக, தகரம் நசுங்குற வரைக்கும். ரெண்டு பேரும் நிமிரலை. இடுப்பளவு தண்ணி வந்ததும் அவரு என் பேரைச் சொல்லிக் கத்தினாரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு சார்.

ஆமா, நான்தான் கொன்னேன், எழுதிக்குங்க. ஆனா அவரை மட்டும்னு எழுதுங்க. நித்தியா வந்திருக்கலாமே, நான் ஒழுங்காத்தானே தட்டினேன். வெளியில அவ அக்கா மாலா காலையில இருந்து உக்காந்து என்னையே மொறைச்சுக்கிட்டிருக்கா. அவளுக்கு என் மேல என்ன கோபம்னுதான் எனக்கு விளங்கலை.